இரண்டு நடுச்சாமம்

முர்காபில் இரண்டு நேரம் ஓடுகிறது.
அரசாங்கத்துக்கு துஷான்பே நேரம்.
அடுப்புக்கும் கல்யாணத்துக்கும்
மலைக்கு அந்தப் பக்கத்து ஓஷ் நேரம்,
ஒரு மணி முந்தி.
லாரிக்காரன் இதைச் சொல்லவில்லை.
அவனிடம் கடிகாரமே கிடையாது,
டீசல் முள்ளைப் பார்த்துத்தான் பொழுது சொன்னான்.

சைரகுல் கதவைத் திறந்தபோது
அவள் சுவரில் பன்னிரண்டு இருபது.
யாக் சாணத்து வறட்டி கனிந்துகொண்டிருந்தது.
உப்புத் தேநீர், மேலே வெண்ணெய்க் கண்கள்.
எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள்,
ஒன்றும் கேட்காமல் நான்கு கம்பளியை என் மேல் எறிந்தாள்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டரில்
தூக்கம் படியேறித்தான் வருகிறது,
நாலு படிக்கு ஒருமுறை நின்று இளைத்துக்கொண்டு.

காலையில் மிர்லான் வந்தான்.
பள்ளியில் கணக்கு வாத்தியார்,
இந்த வாரம் மட்டும் மக்கள்தொகைக் கணக்கு.
பேனா மை உறைந்துவிடுமாம், காதில் பென்சில்.

சைரகுல், ஐம்பத்தொன்று, கணவர் இல்லை.
மகன் ரஷ்யாவில் கட்டட வேலை.
அவனை ஓரத்தில் ஒரு தனிக் கட்டத்தில் எழுதினான்.
ஆடு பதினேழு.
(நாய்க்குக் கட்டம் இல்லை. வாசலில் அதுதான் அதிகம் சத்தம் போட்டது.)
பிறகு என் பக்கம் திரும்பினான்.

பேர்?
செண்பகவடிவு.
பாதியிலேயே கட்டங்கள் தீர்ந்தன. செண்பகம் போதும் என்றேன்.
வயது? நாற்பத்தாறு.
தொழில்?
இன்சூரன்ஸ் படிவம் மொழிபெயர்ப்பேன், இணையம் கிடைக்கும் ஊரில்.
எங்கோ எரிந்த சமையலறை, எங்கோ மூழ்கிய கார்.
நிரந்தர வசிப்பிடம்?

ஒன்பது வருடத்தில் இந்தக் கேள்விக்கு
நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன்.
விசா அலுவலகங்களுக்கு ஒரு தோழியின் மாடி முகவரி.
அவளே அதை விற்று மூன்று வருடம் ஆகிறது.
வங்கிக்கு, இழுத்து மூடப்பட்ட ஒரு விடுதி.
மோரிட்டானியாவில், இரும்புத்தாதுக் குவியலின் மேல்
பக்கத்தில் படுத்திருந்த ஆட்டு வியாபாரி கேட்டபோது
ரயிலையே காட்டினேன்.
அன்றைக்கு அது பொய்யில்லை.

மிர்லானிடம் ஒன்றும் வரவில்லை.
உயரம் காரணமாக இருக்கலாம்,
பொய்க்கும் ஆக்சிஜன் வேண்டும்.
உடைந்த ரஷ்ய மொழியில், இல்லை, என்றேன்.
அதற்கும் கட்டம் இல்லை.

விதிப் புத்தகத்தைப் புரட்டினான்.
விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தான்:
நடுச்சாமத்தில் எவர் எந்தக் கூரையின் கீழோ
அந்தக் கூரையில் அவர் கணக்கு.
எத்தனை மணிக்கு வந்தீர்கள்?
சைரகுல் சுவரைக் காட்டினாள்.
பன்னிரண்டு இருபது.

அப்படியானால் நடுச்சாமத்தில் நான்
நெடுஞ்சாலையில்,
சீனத்து வாஷிங் மெஷின்களுக்கு இடையில்,
ஒரு தார்ப்பாயின் கீழ்.
பென்சில் நின்றுவிட்டது.
ஒன்பது வருடமாக நான் தேடிப் போனது இதைத்தான்,
எந்தப் பட்டியலிலும் சேராமல் இருப்பதை.
கிடைத்தபோது வயிற்றில் ஏதோ நழுவியது.

மிர்லான் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான்.
படிவம் அரசாங்கத்தினுடையது, என்றான்.
அரசாங்கத்தின் கணக்கில்
நீங்கள் பதினொன்று இருபதுக்கே வந்துவிட்டீர்கள்.

எழுதினான். வீட்டில் ஆள் இரண்டு.
ஒரு கட்டம் மட்டும் பாக்கி:
குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?
விருந்தாளி என்று நானே சொல்ல வாயெடுத்தேன்.
சைரகுல் அகப்பையோடு திரும்பி
கிர்கிஸில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.
மிர்லான் எனக்காக அதை ரஷ்யனில் சொன்னான்:
"இன்னும் காசு கொடுக்கவில்லை,
அதனால் சொந்தக்காரி என்று எழுதச் சொல்கிறாள்."

அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.
நாய் பாதி தூரம் கூடவே குரைத்துப் போய்த் திரும்பியது.
லாரி இரண்டு மணிக்கு என்றார்கள்,
எந்த இரண்டு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.
சொமோனித் தாள்களை எண்ணி, மடித்து,
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்,
கொடுக்காமல்.